பாக்கி வைத்த மொட்டை

எனக்கு வயது எழுபத்தொன்று. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். திருத்தணி மலையில் மொட்டை போடும் வரிசையில், எனக்கு முன்னால் நின்ற தாயும் மகளும் பேசிக்கொண்டது இது.

"அமெரிக்கா காலேஜ்ல சேர்ந்துட்டேம்மா. ஆனா மொத ஆறு மாசம் லண்டன்ல படிக்கச் சொல்றாங்க. அமெரிக்காவுல இருக்கிற அந்தக் காலேஜுக்கு ஜனவரிலதான் போவேன்."

"அந்தக் காலேஜ் இல்லாத ஊர்ல அந்தக் காலேஜ் படிப்பா? நல்லா கீது போ."

"நீ வேண்டிக்கினபடி மொட்ட போட வந்துட்டேன் இல்ல?"

தாய் மகளின் பின்னலைப் பிடித்து வரிசையை விட்டு விலக்கினாள்.

"காலேஜ்ல சேர்ந்தா மொட்டன்னுதான் வேண்டிக்கினேன். நீ இன்னும் அது வாசப்படியே மிதிக்கல. மிதிச்சிட்டு வந்து போட்டுக்கோ."

"இதுக்குன்னு அங்கிருந்து வரணுமா?"

"ஆங். வேற எதுக்கு நீ வரப்போற?"

என் ஆறு பேருக்கும் வேண்டுதலை நான் உடனுக்குடன் முடித்துவிட்டேன். எல்லாரும் வெளியூரில் இருக்கிறார்கள்.

பேத்தி கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதின இதை, லீவு முடிந்து நீ கிளம்புவதற்குள் எனக்கு ஒரு தரம் படித்துக் காட்டு.