காய்ந்த அட்டை

"வாசம் வருதுங்கிறேன்ல, நீங்க ஒருநாளாச்சும் ஏறி உக்காந்து..."

"ஒன் மூக்குல வருது. நானும் அந்தக் காருலதான போறேன், எனக்கு ஏன்..."

"ஏசியப் போட்டதும் பாகு காய்ச்சுற மாதிரி குப்புன்னு அடிக்குது. தலை சுத்துது எனக்கு."

"கியரை ஒழுங்காப் போட்டு ஓட்டு, எந்த வாசமும் வராது."

"அப்ப நான் ஓட்டத் தெரியாம ஓட்டுறேனா?"

"மெல்லப் பேசு. மதினிக்குக் கேக்கும்."

எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் வீரபாண்டி அன்றைக்கு என் அடுப்படிக்குத்தான் சாப்பிட வருவான். அதனால் ஒரு கரண்டி மாவு கூடுதலாகவே எடுத்துக்கொண்டேன்.

வீரபாண்டி என் கொழுந்தன். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது டவுசர் போட்ட பையன், தாய் இல்லாதவன். எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அவன்தான் இருந்தான். அவனுக்குத் தலை துவட்டி விட்டதும், காய்ச்சலில் இரவெல்லாம் மடியில் போட்டிருந்ததும், பெண் பார்த்துக் கட்டி வைத்ததும் நான்தான். ரேணுகாதேவியைத் தேர்ந்தெடுத்தது நான் என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை.

நல்ல பெண். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. நரிக்குடி ஒன்றிய அலுவலகத்தில் வேலை. காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று ஒரே வீட்டில் அவளுக்கென்று இன்னொரு அடுப்பு வந்தது. பிறகு அவள் போய்வரப் பழைய கார் ஒன்று வந்தது. கார் வந்த அன்று சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தது நான். அதை நசுக்கி ஓட்டியது அவள். அது முறைதான். வீட்டுப் பெரியவள் வைப்பாள், ஓட்டுகிறவள் ஓட்டுவாள்.

அப்புறம் ஊரே அவளைக் கார்க்காரம்மா என்றது. யாருக்காவது திருச்சுழி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் முன்பெல்லாம் என் வாசலில்தான் வந்து நிற்பார்கள். நான் கூடப் போவேன், பஸ்ஸில் தாங்கிப் பிடித்துக்கொள்வேன். இப்போது என் வாசலைத் தாண்டிப் போய் அவளைக் கூப்பிட்டார்கள். என்னையும் ஏற்றிக்கொள்வாள், இல்லை என்று சொல்லமாட்டேன். நான் பின்னால் உட்காருவேன். முன்சீட்டில் வீரபாண்டி இருப்பான். அவன் வராத நாளில் அவளுடைய கைப்பை இருக்கும்.

கைப்பையோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. சொல்ல வந்தது வாசத்தைப் பற்றி.

அது என்ன வாசம் என்று எனக்கு முதல் நாளே தெரியும். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். தூத்துக்குடிக்கு லோடு போய்வருவார். என்ஜினைக் குளிர வைக்கிற பச்சைத் தண்ணீருக்கு ஒரு தித்திப்பு வாசம் உண்டு, வெல்லப்பாகு கருகப் போகிற நேரத்து வாசம். அவர் வேட்டியில் அது எத்தனையோ நாள் வந்திருக்கிறது. அவருடைய வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கி அப்பளம் மாதிரி இருக்கும். பந்தல்குடிப் பக்கம் ஒருநாள் அவசரப்பட்டு, சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்த கை. "கையோட போச்சு, மூஞ்சி தப்புச்சு" என்பார். அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன.

அருப்புக்கோட்டையில் ரத்தினம் என்று ஒரு மெக்கானிக். அவரிடம் காரைக் கொண்டுபோனார்கள். அவர் எல்லாக் குழாயையும் தடவிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. "ஓடுற சூட்டுல குழா இறுகிக்கிரும், ஆறும்போதுதான் சொட்டும். அதனால இங்க தெரியல. ராத்திரி நிறுத்துற எடத்துல அட்டைய விரிச்சு வைங்க. காலையில எந்த எடத்துல ஈரமோ அதுக்கு மேலதான் ஓட்டை" என்று சொல்லி அனுப்பினார். சரியான யோசனைதான்.

வீரபாண்டி ஃபிரிட்ஜ் வந்த பெட்டியைப் பாதியாக வெட்டி, தகரக் கொட்டகையில் காருக்கு அடியில் விரித்தான். மறுநாள் காலை அட்டை காய்ந்திருந்தது. அடுத்த நாளும் காய்ந்திருந்தது.

பெட்டியின் மறுபாதி என் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

விடியுமுன் எழுந்து வாசல் தெளிப்பது இந்த வீட்டில் என் வேலை. வாளியும் விளக்குமாறுமாகக் கொட்டகைப் பக்கம் போகிற ஒருத்தியை யார் ஏன் என்று கேட்கப்போகிறார்கள். நனைந்த அட்டையை உருவிவிட்டுக் காய்ந்ததை வைப்பேன். சிமெண்டில் வழிந்திருந்தால் பழைய சேலைத் துணியால் துடைப்பேன். பிறகு வாசல் தெளித்துக் கோலம் போடுவேன். நான் காரை எதுவும் செய்யவில்லை. ஒரு திருகைக்கூடத் தொட்டதில்லை. ஒழுகியது கார். நான் துடைத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அன்று தோசை சாப்பிட்டுக்கொண்டே வீரபாண்டி சொன்னான்.

"மதினி, ஒங்க கையால சாப்ட்டு எத்தனை நாளாச்சு."

"அவ கோவிச்சுக்கப் போறா, தம்பி."

"கோவிச்சா கோவிக்கட்டும். மூக்கு மூக்குன்னு உசுர எடுக்கா."

அவ்வளவுதான். அந்த வாசம் இருந்த வரைக்கும் சண்டை இருந்தது. சண்டை இருந்த வரைக்கும் அவன் என் தட்டில் சாப்பிட்டான். அட்டை காய்ந்திருப்பதைக் கேட்ட ரத்தினம், வெளியே சொட்டாமல் தண்ணீர் குறைகிறது என்றால் என்ஜினுக்குள்ளேயே போகிறது, பிரித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பெரிய செலவு. வீரபாண்டி அதற்கும் அவளைத்தான் பேசினான். அவள் அழுதுகொண்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. உங்களுக்கும் அந்த வாசம் வருதா இல்லையா?"

"எனக்கு ஏது தாயி. சளி புடிச்ச மூக்கு."

"எனக்கென்ன கிறுக்கா அக்கா புடிச்சிருக்கு?"

"அப்படியெல்லாம் நெனைக்காத. வேலை அலுப்பு. தலைக்கு நல்லெண்ணெய் வச்சுக் குளி."

நானே எண்ணெய் வைத்துவிட்டேன். அவள் என் மடியில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவளுக்கு நான் கெடுதல் நினைத்ததே இல்லை என்பதற்காக.

நரிக்குடியில் ஒரு காதுகுத்து வந்தது. வீரபாண்டி பைக்கில் வருவதாகச் சொல்லிவிட்டான். அன்று விடியலில் கொட்டகையில் சொட்டு இல்லை, கோடாக ஓடியிருந்தது. துணியை இரண்டு முறை பிழிந்து துடைத்தேன்.

கார்க் கதவைத் திறந்தால் முன்சீட்டில் கைப்பை இல்லை. அதைப் பின்னால் போட்டிருந்தாள்.

"முன்னால உக்காருங்க அக்கா."

உட்கார்ந்தேன். முன்னாலிருந்து பார்த்தால் நம் சாலையே வேறு மாதிரி இருக்கிறது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் விலகி விலகி வழிவிடுவது போலத் தெரிகிறது. இப்படியே அவள் முன்னமே ஒருநாள் உட்கார வைத்திருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் அவள் பேச்செடுத்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அருப்புக்கோட்டையில ஒரு வீடு பாத்திருக்கோம். வாசத்துல ஆரம்பிச்சுப் பேச்சு எங்கெங்கயோ போகுது. கொஞ்ச நாளு தனியா இருந்தா எல்லாம் சரியாப் போகும்னு அவுகதான் சொன்னாக."

"வீரபாண்டியா சொன்னான்?"

"ஆமாக்கா. உங்ககிட்டச் சொல்ல அவுகளுக்கு வாய் வரல. அதான் என்னையச் சொல்லச் சொன்னாக."

"நல்லது தாயி. ரெண்டு பேரும் நல்லாருந்தாச் சரி."

அப்படித்தான் சொன்னேன். குரல்கூட மாறவில்லை. அதன் பிறகுதான் முன்சீட்டின் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

வெயில் உச்சிக்கு வந்த நேரம், முன்பக்கத்திலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பிற்று. அவள் ஓரங்கட்டினாள். சுற்றிலும் ஆடு மேய்க்கிறவன்கூட இல்லை. வீரபாண்டிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. பைக்கில் வந்துகொண்டிருந்திருப்பான். முன்மூடியைத் தூக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பெரிய மாமா லாரி ஓட்டுனவுகளாச்சே. இப்படி நின்னா என்ன செய்வாகன்னு உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

தெரியும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் நன்றாக ஆறவிட வேண்டும். ஈரச் சாக்கு போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெல்லத் திறக்க வேண்டும். என் வீட்டுக்காரர் சொன்னதில் ஒன்றைக்கூட நான் மறக்கவில்லை.

"மூடியத் தொறந்து தண்ணி ஊத்தணும்" என்றேன்.

அது பொய்யில்லை. அதுவரை நான் பொய்யே சொல்லவில்லை.

"சுடுமே அக்கா."

"இந்தா, துணி." என் கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பழைய சேலையில் கிழித்த துண்டு.

அவள் துணியை மூடிமேல் வைத்தாள். வைத்தவள் கொஞ்சம் தயங்கினாள். அந்தத் தயக்கத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்கூட அவள் கையை எடுத்திருப்பாளோ என்னவோ. நான் சொன்னேன்.

"அந்த வாசம், வாசம்னியே. இங்கயிருந்துதான் வருதான்னு குனிஞ்சு மோந்து பாரு, தாயி."

குனிந்தாள். மூடியைத் திருகினாள்.

நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். என் மேல் ஒரு துளி படவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். உயிருக்கு ஒன்றுமில்லை. முகம் இனி பழைய முகம் இல்லை என்றார்கள். ஒரு கண் தேறலாம், தேறாமலும் போகலாம் என்றார்கள். போலீஸ்காரர் வந்து எப்படி நடந்தது என்று கேட்டார். "விவரம் தெரியாமத் தொறந்துட்டேன், அக்கா பாவம், பயந்துபோயிட்டாக" என்று அவளே சொன்னாள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உங்களிடம் சொல்வது போல அவர்களிடமும் சொல்லியிருப்பேன்.

ரத்தினம் ஊருக்கே வந்து காரைப் பார்த்தார். அடிக்குழாயில் வெடிப்பு இருந்ததைக் காட்டினார். "நாள்பட்ட வெடிப்புங்க. கட்டாயம் தரையில சொட்டியிருக்கணுமே" என்று கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தார். "அட்டை காஞ்சுதான் கெடந்துச்சு, எம் பொண்டாட்டி சொன்னதத்தான் நான் நம்பல" என்று சொல்லிவிட்டு வீரபாண்டி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அவனை எழுப்பிக் கூட்டிவந்து நான்தான் சோறு போட்டேன்.

டவுனு வீட்டுப் பேச்சு நின்றுவிட்டது. அடுப்பும் ஒன்றாகிவிட்டது. ரேணுகாவுக்கு இரண்டு கண்ணிலும் இன்னும் கட்டு இருக்கிறது. என் கையால் ஊட்டினால்தான் அவளுக்குச் சோறு இறங்குகிறது. வீரபாண்டி பக்கத்திலேயே தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறான். ஊரில் யாராவது பார்க்க வந்தால் முன்பு போல என் வாசலில்தான் நின்று கூப்பிடுகிறார்கள். பெற்ற தாய்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று சொல்லிப் போகிறார்கள். உண்மைதான். மூன்று பேரும் இப்படி நிம்மதியாக இருந்தது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. வீட்டில் சண்டை இல்லை. அந்த வாசமும் போய்விட்டது.

நேற்று மத்தியானம் ரசம் சோறு ஊட்டினேன். வீரபாண்டி எதிரில் உட்கார்ந்து பிசைந்துகொண்டிருந்தான். அவள் வாயோரம் வழிந்ததை மடியில் கிடந்த பழைய சேலைத் துண்டால் துடைத்துவிட்டேன். அலசிக் காய வைத்த துணிதான். நம் ஊர் போர்த் தண்ணீர் உப்பு. என்ன தேய்த்தாலும் சோப்பு நுரைக்காது.

மென்றுகொண்டிருந்தவள் நிறுத்தினாள். கையை நீட்டித் தடவி, என் கையிலிருந்த துணியைப் பிடித்து, மூக்கருகில் கொண்டுபோனாள். வீரபாண்டியும் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"அக்கா, இந்தத் துணியில எப்படிக்கா அந்த வாசம்?"