முதல் வரிசை, இடது ஓரம்

— நேத்து எவ்வளவு சார்?

— அம்பத்தெட்டு. முகத்தை அப்படி வச்சுக்காதீங்க டைரக்டரம்மா. மத்தியான ஆட்டம், யுத்தத்தைப் பத்தின டாக்குமெண்டரி, பாட்டு கிடையாது, ஹீரோ கிடையாது. அதுக்கு அம்பத்தெட்டுன்னா கல்யாணக் கூட்டம்.

— நூத்தி எண்பது சீட்டுக்கு அம்பத்தெட்டு.

— முதல் நாள் நாப்பத்தொண்ணு. நாளுக்கு நாள் ஏறுது. என் சர்வீஸ்ல இந்த மாதிரிப் படம் எல்லாம் புது மாப்பிள்ளை ஜிப்பா மாதிரி. முதல் நாள் பளபளன்னு இருக்கும், மூணாம் நாள் தரை துடைக்கப் போயிடும். இது ஏறுது பாருங்க.

— மத்த ரெண்டு தியேட்டர்ல எட்டுப் பேர், பதினோரு பேர். நாடு முழுக்க மூணே மூணு தியேட்டர்ல போட்டோம்.

— அந்த ஊர்க்காரங்க மேல எதுக்குக் கோபம்? அவங்க ஊர்ல குண்டு விழலையே.

— கோபம் இல்ல. டிஸ்ட்ரிபியூட்டர் காலையில போன் பண்ணாரு. அடுத்த வாரம் பன்னெண்டு தியேட்டர் எடுத்துக்கத் தயாராம்.

— பன்னெண்டா! மூணு எங்க, பன்னெண்டு எங்க! அப்புறம் ஏன் இழவு வீட்டுக்கு வந்தவங்க மாதிரி என் டிக்கெட் ரூம்ல வந்து உக்காந்திருக்கீங்க?

— ஆறு நிமிஷம் வெட்டணும். படம் ரெண்டு மணி நேரத்துக்குள்ள இருந்தாத்தான் ரெண்டு பெரிய படத்துக்கு நடுவுல செருக முடியுமாம். இன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள முடிவு சொல்லணும்.

— எந்த ஆறு நிமிஷம்?

— கடைவீதி.

— இருங்க, சில்லறை அடுக்கிட்டிருந்தேன். விட்டுப் போச்சு. எந்த மகராசன் சொன்னது, கடைவீதியை வெட்டணும்னு?

— உங்க மேனேஜர் அனுப்பின ரிப்போர்ட்தான் காரணம். அஞ்சு நாளா ஒரே மாதிரி எழுதியிருக்காரு. நாப்பதாவது நிமிஷம், கடைவீதிக் காட்சி முடிஞ்சதும் பாதிப் பேர் எழுந்து போறாங்க. அலுப்புத் தட்டிப் போறாங்கன்னு.

— அந்த ஆளு படத்தையும் பாக்கலை, ஜனத்தையும் பாக்கலை. ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு கதவு சத்தத்தை எண்ணியிருக்காரு.

— எண்ணினது தப்பில்லையே. எழுந்து போறது நிஜம்தானே?

— நிஜம்தான்.

— அப்ப என்ன? ஆறு நிமிஷம் ஒண்ணுமே நடக்கலை சார். ஜனங்க நடக்கறாங்க. ஒருத்தர் கடை ஷட்டரைத் தூக்கறாரு. ஒரு அம்மா குடையை உதர்றாங்க. கேமரா வேற ஆடுது. கல்யாண வீடியோ எடுக்கறவர் சும்மா பழகறதுக்காக எடுத்தது. அவர் எங்க அண்ணாங்கறதுனாலதான் உள்ள வச்சேன்.

— தெரியும். படத்து முடிவுல பேரு போடறீங்களே.

— அதைப் பாக்கக்கூட ஆளு இல்ல. எழுந்து போயிடறாங்க.

— இங்க வாங்க. இந்தச் சார்ட்டைப் பாருங்க. சீட் சார்ட். முதலாளி கம்ப்யூட்டர் வாங்கித் தரேன்னு சொன்னாரு, சொல்லி அவருக்கு ரெண்டு மருமகனும் வந்தாச்சு. நான் இன்னும் நீலப் பென்சில்லதான் பெருக்கல் குறி போடறேன். வித்த சீட்டுக்கு ஒரு குறி. இது திங்கக்கிழமை. இது செவ்வாய். இது நேத்து. என்ன தெரியுது?

— முன் வரிசையில நிறைய குறி.

— பொதுவா எந்த வரிசை முதல்ல போகும்?

— பின் வரிசை.

— ஆமா. காதலிக்கறவங்க கடைசி வரிசை, குடும்பம் நடு வரிசை. முதல் வரிசை, லேட்டா வந்து மாட்டிக்கிட்டவனுக்கு. கழுத்து ஒடிஞ்சுடும். முப்பத்தோரு வருஷத்துல, முதல் வரிசை முதல்ல தீந்த படம் இது ஒண்ணுதான். அதுவும் பாருங்க, ஏழாம் நம்பர், அஞ்சு நாளும் குறி. பதினொண்ணு, பன்னெண்டு, ரெண்டாம் நாள்லேருந்து நாலு நாளும்.

— அதே ஆளுங்களா?

— அதே ஆளுங்கதான். ஏழாம் நம்பர் ஒரு தையல்காரர். ஷட்டர் தூக்கறாரே, அது அவங்க அப்பா. ரெண்டு கையில தூக்க முடியாம முழங்காலைக் குடுத்து ஏத்துவாரு, பாத்திருப்பீங்க. 'சனியன், எண்ணெய் போடுடான்னு என்னைத் திட்டிக்கிட்டே இருப்பாரு சார், நான் போடவே இல்ல'ன்னு இந்த ஓட்டை வழியாச் சொல்லிட்டுப் போறாரு.

— பதினொண்ணு, பன்னெண்டு?

— அக்கா தங்கச்சி. குடை உதர்ற அம்மாவோட பொண்ணுங்க.

— அந்த அம்மா முகம் தெரியாதே சார். முதுகுதான் தெரியும்.

— வீடு எரிஞ்சப்ப போட்டோ எல்லாம் போச்சாம். அந்த முதுகுதான் மிச்சம். முதல் நாள் பின்னாடி உக்காந்தாங்க. மறுநாள் கிட்ட வந்துட்டாங்க. கண்ணைத் துடைக்கறதுன்னா அந்தத் துணி வேண்டாம், அது கண்ணாடி துடைக்கறது.

— சரி. அப்புறம் ஏன் நாப்பதாவது நிமிஷத்துல எழுந்து போறாங்க?

— உங்க படம்தானே? கடைவீதிக்கு அப்புறம் என்ன வருது?

— விமானம்.

— அதை அவங்க ஏற்கெனவே பாத்தாச்சும்மா. மேனேஜருக்கு அது புரியாது. அவரு வெளியூர்.

— உங்களுக்கு யாராவது அதுல தெரியறாங்களா சார்?

— எனக்கா? கேமரா இன்னும் ஒரு சாண் வலது பக்கம் திரும்பியிருந்தா பழைய பஸ் ஸ்டாப் வந்திருக்கும். அந்த நேரத்துக்கு என் சம்சாரம் அங்கதான் நிப்பா, டிபன் டப்பாவோட. திரும்பலை. உங்க அண்ணா என்ன கண்டாரு, அவரு குடையைப் பாத்துட்டிருந்தாரு. விடுங்க.

— எனக்குத் தெரியாது சார். மன்னிச்சுக்கோங்க.

— ஒரு சாணுக்கெல்லாம் மன்னிப்பா? பாட்டரி அன்னைக்கு எவ்வளவு இருந்துதோ.

— உண்மையைச் சொல்லட்டுமா? டிஸ்ட்ரிபியூட்டர் சொன்னதும் எனக்குள்ள ஒரு நிம்மதி. இந்த அஞ்சு நாளும் நான் உள்ள போகலை. வராந்தாவுலயே நின்னேன். அந்த ஆறு நிமிஷத்தோட கடைசியை என்னால தாங்க முடியாது.

— கடைசியில என்ன? ஒரு பொண்ணு கூப்பிடுது, உங்க அண்ணா சிரிக்கறாரு.

— 'போதும், வா. டீ ஆறுது.' அவ்வளவுதான். அவர் சிரிக்கறாரு, கேமரா அணையுது. மறுநாள் காலையில அந்தத் தெரு இல்ல. சாயங்காலம் அவரைக் கண்டுபிடிச்சோம். எனக்கு அப்ப பதினாலு வயசு. கேமராப் பையை மார்ல கட்டிக்கிட்டு வீட்டுக்கு நடந்து வந்தேன்.

— ம்.

— எங்க வீட்ல அவரு மூத்தவரு. அம்மாகூட 'வாங்க, போங்க'தான். ஊர்ல யாரும் அவரை 'வா'ன்னு கூப்பிட்டதில்ல. எடிட்டிங்ல அந்தக் குரலை முன்னூறு தடவை கேட்டிருப்பேன். யாரு அவ? எங்க அண்ணாவுக்கு டீ போட்டு வச்சுட்டு, அவ்வளவு உரிமையாக் கூப்பிட? கடைசி நாள் அவரு யார் வீட்ல இருந்தாரு? கேக்காத இடம் இல்ல சார். அந்தத் தெருவுல தப்பிச்சவங்க யாரும் இல்லைன்னுட்டாங்க.

— டைரக்டரம்மா, சார்ட்டை மறுபடியும் பாருங்க. முதல் வரிசை, ஒண்ணாம் நம்பர்.

— அஞ்சு நாளும் குறி.

— இருக்கறதுலயே கேவலமான சீட்டு அது. இடது ஓரம். படம் கோணலாத் தெரியும். ஸ்பீக்கர் மட்டும் காதுக்குள்ளயே இருக்கும். அதைக் கேட்டு வாங்கறவங்க படம் பாக்க வரலை. கேக்க வர்றாங்க.

— யாரு?

— சொல்றேன், பதறாதீங்க. நான் ஜனங்களைப் பாக்கறதில்ல. பாருங்களேன், கண்ணாடி முழுக்க போஸ்டர். கை நுழையற ஓட்டை ஒண்ணுதான். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் விரலும் குரலும். முதல் நாளே அந்தக் குரல் எனக்கு மனசுல நின்னுடுச்சு, இந்தச் சீட்டைப் போய் யாரு கேப்பான்னு. நேத்து ஜன்னலைச் சாத்திட்டு உள்ள போய் நின்னேன். 'போதும், வா'ன்னு வந்துது பாருங்க. அந்தக் குரலேதான்.

— பத்தொன்பது வருஷம் ஆச்சு சார். குரல் மாறியிருக்கும்.

— முடி மாறும், பல்லு மாறும். குரலுக்கு வயசு மெதுவாத்தான் ஏறும். ஆனா நான் சத்தியம் பண்ண மாட்டேன். முன்னூறு தடவை கேட்டது நீங்க. நான் ஒரு தடவைதான்.

— பேச்சுக் குடுத்தீங்களா?

— என்னன்னு குடுக்க? சில்லறை இருக்கான்னா?

— எத்தனை மணிக்கு வருவாங்க?

— ரெண்டு மணிக்கு. ஜன்னல் திறந்ததும் முதல் ஆளு. இன்னும் மூணு நிமிஷம்… உங்க போன் அடிக்குது.

— டிஸ்ட்ரிபியூட்டர்.

— எடுங்க. நான் காதைப் பொத்திக்கறேன்.

— ஹலோ… ஆமா, முடிவு பண்ணிட்டேன். வெட்டலை… இல்ல, ஒரு நொடிகூட இல்ல… தெரியும் சார், பன்னெண்டும் போயிடும்… மத்த ரெண்டு தியேட்டர்லயும் படத்தை நாளைக்கே தூக்கிடுவாங்களா? தூக்கட்டும்… இல்ல, பைத்தியம் இல்ல. இங்க ஏழாம் நம்பர்ல ஒருத்தர் அவங்க அப்பாவைப் பாக்க வருவாரு. அவருக்கு நான் என்ன பதில் சொல்ல? வச்சுடறேன்.

— பன்னெண்டு தியேட்டர் அம்மா.

— காதைப் பொத்தலையா நீங்க?

— ஒரு கையில பொத்தினேன். எழுந்திரிங்க, இந்த ஸ்டூலுக்கு வாங்க. ஓட்டைக்கு நேரா. பென்சில் இந்தாங்க. டிக்கெட்டைக் கிழிக்கும்போது அவசரப்படாதீங்க, கோணலாக் கிழியும்.

— கோணலாக் கிழிஞ்சா என்ன சார் பண்ண?

— கிழியட்டும். எனக்கு வேலைக்கு வந்த முதல் நாள் சில்லறையெல்லாம் தரையில. ஜன்னலைத் தூக்கறேன்.

— ஒரு டிக்கெட் குடுங்க. முதல் வரிசை, இடது ஓரம்.

— …

— சார்? உள்ள யாரும் இல்லையா?

— இருக்கேன்க்கா. நான் அவரோட தங்கச்சி. அன்னைக்கு அந்த டீயை எங்க அண்ணா குடிச்சாரா?