எழுபத்திரண்டு கிளியும் அமெரிக்கா வாத்தியாரும்

…என்னக் கேட்டா? என்ன மட்டும் கேட்டா எப்டிம்மா? அட்டை அடிச்சது நானு, சரி. தறியில மாட்டிப் புடவை நெஞ்சது பரமசிவம், அதுவும் சரி. கத்துக் குடுத்தது யாரு? அத ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறீங்க! அமெரிக்காவுல ஒருத்தரு கரும்பலகை முன்னாடி ஜம்முனு நின்னுக்கினு இருக்காரு. அவர யாரு போய் கேக்கறது? விசா வேணும். பிள்ளையார்பாளையத்துக்கு டவுன் பஸ் போதும். அதான் எல்லாரும் இங்க வந்துர்றீங்க.

உக்காரும்மா. அந்த ஸ்டூல் மேல அட்டைக் கட்டு இருக்குது, கீழ எறக்கி வெச்சிட்டு உக்காரு. பரமசிவம் தானே அனுப்பிச்சான்? "நான் நெய்யறவன், குமரகுரு அடிச்ச அட்டை, அவன்கிட்ட போ"ன்னிருப்பான். முப்பது வருஷப் பழக்கம்! சாப்பாட்டுக்கு நடுவுல கை கழுவுற மாதிரி கழுவிட்டான் பாரு.

நீ சின்ன காஞ்சிபுரம் ரமாமணி அம்மா பொண்ணு, ஸிந்துஜா. ஆர்டர் சீட்டுலயே பேரு இருக்குது. உங்க அம்மா இதே எடத்துல நின்னுக்கினு சொன்னாங்க. "ஆண்டாள் தோள்ல இருக்குமே, அந்தக் கிளி மாதிரியே இருக்கணும், மூக்கு நல்லா வளைஞ்சி வரணும்"னு. வெரலக்கூட வளைச்சிக் காட்டினாங்க. எனக்கு மறக்கல. மறந்தா தானே தப்பு?

புடவையப் பிரி. முந்திய மட்டும் பிரி, போதும். ம்… ம்… அழகாத்தான்மா இருக்குது! நாலு வரிசை, வரிசைக்குப் பதினெட்டு கிளி. வேணும்னா எண்ணிக்க. லாபம், ரெண்டு, மூணு, நாலு… எங்க வூட்ல ஒண்ணுன்னு சொல்லி எண்ண மாட்டோம், லாபம்னு தான் ஆரம்பிப்போம்… அஞ்சு, ஆறு… எல்லாத்துக்கும் ரெக்க இருக்குது. வாலு இருக்குது. கண்ணு இருக்குது. மூக்கு மட்டும் கொஞ்சம் மொண்ணையா இருக்குது.

புறா மாதிரியா? ஏன், புறாவும் நல்ல பறவை தானே…

சரி சரி, மொறைக்காத.

பரமசிவம் கண்ணு இன்னா பண்ணிச்சாம்? மொத வரிசை வரும்போதே பாத்தானாம். கேட்டா சொல்றான், "கம்ப்யூட்டர் கிளி இப்டித்தான் இருக்கும் போல, புது டிசைன்னு நெனச்சிக்கினேன்"ங்கிறான். வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா முந்தி பொழைச்சிருக்கும்.

அம்மா இன்னும் பாக்கலயா? அப்பாடா. பாத்தா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும். கல்யாணத்தன்னிக்கி உன்ன ஊஞ்சல்ல ஒக்கார வெச்சி முந்திய முன்னாடி விரிச்சி வுடுவாங்க, ஊரே அதத்தான் பாக்கும். மூக்கில்லாத கிளி கல்யாணத்துல ஆகாதும்பாங்க. முகூர்த்தம் பதினேழாந்தேதி. இன்னிக்கி எட்டு. ஒம்பது நாளு. புதுசா பாவு போட்டு இன்னொண்ணு நெய்யிறதுக்குப் பதினஞ்சு நாளாவது ஆவும். தெரியும்மா, எல்லாம் தெரியும். அதுக்குத்தான் மூலகாரணம் யாருன்னு மொதல்ல பாக்கணும்னு சொல்றேன்.

கதையக் கேளு. போன வருஷம் எனக்குக் கண்ணு மங்க ஆரம்பிச்சிது. அட்டை அடிக்கிற வேலைக்குக் கண்ணு தான் மொதலு. கட்டம் போட்ட பேப்பர்ல கிளிய வரைவோம். ஒரு வரிக்கு ஒரு அட்டை. எந்தக் கட்டத்துல கிளி இருக்குதோ அந்த எடத்துல அட்டையில ஓட்டை. ஓட்டை இருந்தா தறியில கொக்கி தூக்கும், அங்க ஜரிகை தெரியும். அவ்ளோ தான் விஷயம். ஆனா கட்டம் எறும்பு சைஸுல இருக்கும். எண்ணி எண்ணி எனக்குக் கண்ணுல தண்ணி ஊத்துது. பஸ் ஸ்டாண்டாண்ட கம்ப்யூட்டர் டிசைன்னு ரெண்டு கடை தெறந்துட்டான். பாதி தறிக்காரங்க அங்க போய்ட்டாங்க. பரமசிவம் மட்டும் போவல. "நீ இருக்கிற வரைக்கும் நீதான்டா"ன்னான். அதுக்காகவே நானும் கம்ப்யூட்டர் கத்துக்கணும்னு ஒரு வேகம்.

எங்க போய் கத்துக்கறது? நாப்பத்தேழு வயசுல ஸ்கூல் புள்ளைங்களோட பெஞ்சில உக்காரவா? அப்ப தான் பிரவுசிங் சென்டர் மேரிம்மா சொன்னாங்க. "அண்ணே, அமெரிக்காவுல ஒரு பெரிய யுனிவர்சிட்டி அவங்க பாடத்தையெல்லாம் நெட்ல சும்மா போட்டிருக்குது, யாரு வேணா படிக்கலாம்"னு. நான் நம்பல. அட்மிஷன் இல்லாம, ரெக்கமெண்டேஷன் இல்லாம, சாதி சர்டிபிகேட் இல்லாம எவன் பாடம் குடுப்பான்? போய்ப் பாத்தா, நெஜம்மா! பாடம், வீட்டுப்பாடம், பரீட்சை கேள்வி, விடை, எல்லாம் தெறந்து கெடக்குது, காவலுக்கு ஆளு கூட இல்ல.

வீடியோவும் இருக்குது. ஆனா மேரிம்மா கடை லைன்ல அவரு வாயத் தொறந்தா மூடறதுக்கு ஆறு நிமிஷம். ஒரு மணி நேரம் உக்காந்து "குட் மார்னிங்" வரைக்கும் கேட்டேன். அப்புறம் வுட்டுட்டு பிரிண்ட் போட்டுக்கினேன். முன்னூத்திப் பதினாலு பக்கம்! மேரிம்மா பிரிண்டர் மை தீந்து போச்சுன்னு மூணு நாள் என்கிட்ட பேசல.

இங்கிலீஷா? ப்ளஸ் டூ கணக்கு குரூப்புமா நானு. டிக்ஷனரி இருக்குது. காலையில வேலை, மத்தியானம் சாப்ட்டு ரெண்டு மணி நேரம் பாடம். எங்க வூட்டுக்காரி தையல்நாயகி, அதோ அந்த ரூம்ல அட்டை கோத்துக்கினு இருக்குதே, அது கேக்கும்: "யாரு தான் உங்களக் கேள்வி கேக்கறது?" நான் சொன்னேன், "யாரும் கேக்க மாட்டாங்க, அதான்டி இதுல விசேஷம்"னு. பதினோரு வீட்டுப்பாடம். அத்தனையும் போட்டேன். யாரு திருத்தறது? நானே திருத்திக்கினேன். தொண்ணூத்தி ரெண்டு மார்க்கு. சிரிக்காதம்மா! கறாராத்தான் போட்டேன். ரெண்டு எடத்துல கையெழுத்து சரியில்லன்னு கூட மார்க் கொறைச்சேன்.

நாலாம் பாடத்துல வாத்தியாரு ஒரு ப்ரோக்ராம் குடுத்திருந்தாரு. கட்டத்துல எங்கெங்க புள்ளி இருக்குதுன்னு கேட்டா, வரிசையா நம்பர் சொல்லும். அடடா, இது நம்ம வேலையாச்சேன்னு எடுத்து, அங்க இங்க மாத்தி, உங்க கிளிய ஏத்தினேன். மேரிம்மா கம்ப்யூட்டர்ல என் கிளி! ஃப்ளாப்பியில போட்டு சட்டப் பையில வெச்சிக்கினு, கோயில்ல சாமி முன்னாடி வெச்சி எடுத்துக்கினு வந்தேன்.

இதோ, அது சொன்ன நம்பர பிரிண்ட் போட்ட பேப்பர் இங்க தான் இருக்குது. பாரு. அட்டை பன்னெண்டு: சைபர், ஒண்ணு, ரெண்டு, ஒம்பது. அட்டை பதிமூணு: சைபர், ஒண்ணு, எட்டு. இப்டி. நம்பரப் பாத்து ஓட்டை அடிச்சிக்கினே போனேன். கட்டம் எண்ண வேணாம், கண்ணீரு வேணாம். ஒரே நாள்ல முடிஞ்சிது!

இன்னாம்மா? சைபருக்கா? சைபருக்கு எங்க ஓட்டை அடிச்சேனா?

சைபருக்கு எதுக்கு ஓட்டை? சைபர்னா ஒண்ணுமில்ல! என் அட்டையில கொக்கி ஒண்ணுல ஆரம்பிக்குது. சைபர் கொக்கின்னு ஒரு கொக்கிய என் அப்பன் காலத்துலேர்ந்து நான் பாத்ததில்ல. அது வந்து… வரி ஆரம்பத்துல போடுதே… நாம எழுதறதுக்கு முன்னாடி பிள்ளையார் சுழி போட மாட்டோம்? அந்த மாதிரி, மிஷின் ஒரு சுழி போடுதுன்னு நெனச்சிக்கினேன்.

எல்லா வரிக்கும் போடலயா? ஆமா, போடலதான். அத நானும் கவனிச்சேன். மிஷின் தானே, சில வரிக்கு பக்தி வரும், சில வரிக்கு வராதுன்னு…

தையலு கூட கேட்டுது. "இது இன்னாங்க, இந்தப் பக்கத்துல மட்டும் வரிசையா சைபர் வருது, எதுனா இருக்கப் போவுது"ன்னுச்சி. "அமெரிக்கா பாடம், உனக்குப் புரியாது, நீ அட்டையக் கோத்துக்கினு இரு"ன்னு சொல்லிட்டேன்.

இந்தாம்மா, நீ அப்டி மூஞ்ச வெச்சிக்காத. வாத்தியாரு சொல்லியிருக்கணும்மா! இவ்ளோ பெரிய யுனிவர்சிட்டி. முன்னூத்திப் பதினாலு பக்கம். சைபருக்கு இன்னா அர்த்தம்னு ஒரு வரி எழுதக்கூடாதா? நானும் ரெண்டாம் பாடத்துலேர்ந்து கடேசி வரைக்கும் தேடிட்டேன். ஒரு எடத்துலயும் இல்ல!

மொத பாடமா? அது சும்மா அறிமுகம்மா. "பாடத்தின் நோக்கம்", "வருகை", "வணக்கம்"… நமக்கு எதுக்கு அது? மேரிம்மா கூட, "அண்ணே, மொதல்லேர்ந்து படிங்க"ன்னாங்க. ப்ளஸ் டூ கணக்கு குரூப்புக்கு அறிமுகம் தேவையில்லன்னுட்டேன். அந்தப் பக்கமெல்லாம்… அதோ, அலமாரித் தட்டுல விரிச்சிருக்கேன், அட்டையில அழுக்கு படக்கூடாதுன்னு. நல்ல கெட்டி பேப்பரு.

அங்க இன்னாம்மா குனிஞ்சி பாக்கற? அந்தக் கட்டத் தூக்காத, சரிஞ்சிரும்… பாத்து… சரி, தூக்கு. இன்னா போட்டிருக்குது? எடு, இங்க குடு. என் கண்ணாடி எங்க…

"இந்தப் பாடம் முழுக்க… எண்ணுவது… சைபரிலிருந்து. முதல் இடத்தின் நம்பர்… சைபர்." கீழ கோடு வேற போட்டிருக்காரு. ரெண்டு கோடு.

…

அப்ப சைபர்ங்கறது மொத கொக்கி. ஒண்ணு ரெண்டாவது. நான் எல்லாத்தையும் ஒரு கொக்கி தள்ளி அடிச்சி, மொத கொக்கிய… கிளி எந்தப் பக்கம் பாக்குது? இடது பக்கம். இடது கோடியில இருக்கறது…

மூக்கு.

வாத்தியாரு சரியாத்தான் சொல்லியிருக்காரு. நாந்தான் அவரு தலை மேல அட்டைக் கட்ட வெச்சிருக்கேன்.

நீ எப்டிம்மா அவ்ளோ கரெக்டா மொத பாடத்தக் கேட்ட? நீ இன்னா வேல பண்ற? … ஸ்ரீபெரும்புதூர்லயா? கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் எழுதறியா? மூணு வருஷமாவா! அட… வந்த ஒடனே சொல்லியிருக்கலாம்ல?

நான் எங்க வாயத் தொறக்க வுட்டேன். அதுவும் சரி தான்.

தொண்ணூத்தி ரெண்டுல ஒரு அஞ்சு மார்க் கொறைச்சிக்கிறேன். சரி, பத்து. அதுக்கு மேல கேக்காத.

தையலு! ஏ தையலு! அந்த ஜரிகைக் கண்டும் பழுது எடுக்கற ஊசியும் எடுத்துக்கினு வா. வாசப்பக்கம் வெளிச்சத்துல உக்காரலாம். நீ சொன்ன சைபர் தான்டி. ஆமா, நீ சொன்னது தான். அப்புறமா திட்டு, இப்ப ஊசியில ஜரிகை கோத்துக் குடு.

பயப்படாதம்மா. தறியில இழை வுட்டுப்போனா இப்டித்தான் கையால எடுப்போம். நெசவோட நெசவா சேந்துரும், உங்க அம்மா பூதக்கண்ணாடி வெச்சிப் பாத்தாலும் தெரியாது. ஒரு நாளைக்கு ஒம்பது மூக்குன்னு போட்டா பதினேழுக்கு முன்னாடியே வந்துரும். பதினாறாந்தேதி காலையில நானே கொண்டாந்து குடுக்கறேன். அது வரைக்கும் பாலிஷ் போடக் குடுத்திருக்குதுன்னு சொல்லி வை. பரமசிவத்துகிட்டயும் நானே போய் சொல்லிர்றேன். அட்டை என்னுது, தப்பும் என்னுதுன்னு. அமெரிக்காவ இதுல இழுக்க மாட்டேன்.

அந்த ஓரத்தக் கொஞ்சம் புடிச்சிக்க. இறுக்கி. ஆங், அப்டி. இப்டி உள்ள குத்தி, இப்டி வளைச்சி… பாரு! மூக்கு! வளைஞ்சிருக்குதா? உங்க அம்மா வெரல வளைச்ச மாதிரியே இருக்குதா? சிரிச்சிட்ட பாரு. அது போதும்.

லாபம்… இல்ல, இல்ல. இனிமே வாத்தியாரு கணக்கு தான். இது சைபர். அடுத்தது ஒண்ணு. அடுத்தது ரெண்டு. அப்டியே போனா கடேசி கிளி… இரு… எழுவத்தொண்ணு.

அட! பாத்தியாம்மா? ஒரு கிளி வேல மிச்சம்!