ஐந்து மதிப்பெண்ணின் காவலர்

தலைமை தாங்கும் துறைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, கட்டுரைத்தாள் திருத்தும் பிரிவின் தோழர்களே, வணக்கம்.

நம் மூத்த திருத்துநர், நாம் ‘மூச்சு அண்ணன்’ என்று அழைத்த பெருந்தகை, இன்று நம்மிடையே இல்லை. இரங்கல் உரைக்கு ஆச்சரியக்குறிகள் நிறைய வேண்டும் என்பார்கள். அண்ணன் ஓர் உரைக்கு ஒன்றுதான் அனுமதிப்பார். அதை இப்போதே செலவழித்துவிடுகிறேன்: எப்பேர்ப்பட்ட மனிதர்!

அந்தப் பெயர் எப்படி வந்தது? எந்தக் கட்டுரையையும் வாய்விட்டுத்தான் படிப்பார். எழுதியவர் குறி போட்ட இடத்தில் மட்டுமே மூச்சு விடுவார். ஒருமுறை ‘நீரின் அவசியம்’ என்று ஒன்றரைப் பக்கம் வந்தது. அதில் ஒரு காற்புள்ளிகூட இல்லை. ஆறாவது வரியில் முகம் சிவந்தது. பத்தாவது வரியில் மேசையைப் பிடித்துக்கொண்டார். தட்டச்சு அக்கா தண்ணீரோடு ஓடினார்.

“அண்ணே, மூச்ச விடுங்கண்ணே. உங்களுக்கு ஏதாவது ஆனா அண்ணிக்கு யாரு பதில் சொல்றது?”

நாற்காலியில் சரிந்த பிறகுதான் பதில் வந்தது. “விடலாம்மா. எங்க விடணும்னு அந்தப் புள்ள சொல்லவே இல்லையே.”

‘அமைதியின் அருமை’ என்ற கட்டுரையில் பதினேழு ஆச்சரியக்குறிகள். ஓரத்தில் எழுதினார்: “ஏன் கத்துகிறாய்? பக்கத்தில்தான் இருக்கிறேன்.”

இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதல்ல. நூறில் நிறுத்தற்குறிகளுக்கு உள்ள ஐந்து மதிப்பெண்ணை எடுத்துவிடலாம் என்று சென்ற மாதம் சுற்றறிக்கை வரைவு எழுதியவன் நான். தாளுக்கு ஒரு நிமிடம் மிச்சம் என்று காரணமும் காட்டினேன். இருபத்திரண்டு ஆண்டுகள் எனக்கு எதிரே அமர்ந்திருந்தவர், மருத்துவமனையில் படுத்த வாரமாகப் பார்த்து எழுதினேன். தற்செயல் என்றால் நம்புவீர்களா? நானே நம்பவில்லை.

மூத்தவர் பார்க்க வேண்டும் என்பது விதி, அனுப்பினேன். அண்ணி திருப்பிக் கொண்டுவந்தார். திட்டியிருப்பார் என்று பயந்துகொண்டே பிரித்தேன். ஒரு சொல்லும் இல்லை. நான் போடத் தவறிய பதினொரு காற்புள்ளிகளையும் படுக்கையிலிருந்தே போட்டிருந்தார். கடைசி வாக்கியத்தின் முற்றுப்புள்ளி இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

“இத மட்டும் விட்டுட்டாரே அண்ணி?”

“நானும் கேட்டேன் தம்பி. ‘அத நான் வைக்க மாட்டேன். மனசு வந்தா அவனே வச்சுக்கட்டும்’னாரு.”

எனக்கு மனசு வரவில்லை. அந்தத் தாள் இதோ, என் சட்டைப்பையில் இருக்கிறது. துறைத் தலைவர் அவர்களே, இது உங்கள் மேசைக்கு வராது. ஐந்து மதிப்பெண்ணும் இருந்த இடத்தில் இருக்கும். நாளை காலை ஒன்பதரைக்குக் கட்டுரைத்தாள் கட்டைப் பிரித்ததும், முதல் தாளை நான் வாய்விட்டுப் படிக்கப்போகிறேன்.

தட்டச்சு அக்கா, தண்ணீரைப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.