வெறும் ரோஜாப் படம்

வெள்ளிக்கிழமை வாழ்த்துப் படங்களை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. எங்கள் டமாஸ்கஸில் தொழுகைக்கு முன்பே ஒவ்வொரு கைபேசியிலும் நாற்பது வந்து விழும். எல்லாம் ரோஜாவும் மினுக்கும் எழுத்தும்தான். நீங்களும் குடும்பக் குழுவில் போட்டிருப்பீர்கள், முன்திர். அதனால்தான் உங்கள் தம்பி குதைபா தலைமறைவானதும் அவன் மனைவி லுபானாவுக்கு இந்த வழியைச் சொன்னேன்.

நான் போட்டோ ஸ்டூடியோக்காரன். படத்துக்குள் செய்தியை ஒளிப்பது பெரிய வித்தை இல்லை. அனுப்பும்போது செயலி படத்தைச் சுருக்கிவிடும், அதுதான் தொல்லை. நுணுக்கமாக வைத்ததெல்லாம் அதோடு போய்விடும். அதனால் ஒவ்வோர் எழுத்தையும் முப்பது இடங்களில், சுருக்கினாலும் அழியாதபடி அழுத்திப் பதித்தேன். பிரித்துப் படிக்கும் நிரலை குதைபாவின் கைபேசியில் நானே போட்டுக் கொடுத்தேன். பதினோரு வாரம் ஓர் எழுத்துகூடத் தவறவில்லை. படத்தில் ஒன்றும் இல்லையென்றால் பாதை பத்திரம், வீட்டுக்கு வரலாம் என்று பேச்சு. அந்த ஏற்பாடும் என்னுடையதே.

பன்னிரண்டாம் வாரம் லுபானா மூச்சிரைக்க வந்தாள்.

"உபாதா அண்ணே, சோதனைச் சாவடிப் பட்டியல்ல அவர் பேரு ஏறிருச்சாம். வர வேணாம்னு போட்டு விடுங்க."

"போடுறேன்மா. பதறாதே. காபி குடி."

"நீங்க மட்டும் இல்லேன்னா..."

அவள் அண்ணன் என்று கூப்பிடுவது எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

அன்று எழுத்துகளை ஒரே ஒரு முறை, மிக மெலிதாக வைத்தேன். அசதி என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் முதலில் என் இன்னொரு கைபேசிக்கு மூன்று தடவை அனுப்பி, எதுவும் மிஞ்சவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். வேலையில் நான் கவனமானவன். பிறகுதான் அவளிடம் கொடுத்தேன், அவள் குழுவில் போட்டாள்.

குதைபா "ஆமீன்" என்று பதில் போட்டான், கூடவே ஓர் இதயம். அன்று மாலையே கிளம்பினான். சாவடியில் வண்டியிலிருந்து இறக்கினார்கள். உடல்கூட வரவில்லை.

லுபானா அழுததைவிடக் கோபப்பட்டதுதான் அதிகம். "அத்தனை தெளிவா சொல்லியும் வந்தாரே. என் பேச்சுக்கு அவ்வளவுதான் மதிப்பா?" இரண்டு வருடம் இதையே கேட்டாள். "சில ஆம்பளைங்க அப்படித்தான்" என்று ஆறுதல் சொன்னேன். மூன்றாம் வருடம் நிக்காஹ் ஆனது. நீங்களும் வந்து சாப்பிட்டீர்கள்.

இப்போது அந்தப் படத்தை உங்கள் கைபேசியில் வைத்துக்கொண்டு, தம்பி கடைசியாகப் படித்ததை எடுத்துத் தரச் சொல்கிறீர்கள். எடுக்க அதில் ஒன்றும் இல்லை. அவனைக் கொன்றது நான்தான், மறுக்கவில்லை. லுபானாவிடம் மட்டும் சொல்லாதீர்கள். குதைபா தன்னை மதிக்கவில்லை என்று நம்பித்தான் அவள் என்னோடு நிம்மதியாக இருக்கிறாள். ஒரு பெண்ணின் நிம்மதியைக் கெடுப்பது பாவம்.