காற்றுப் போக ஓர் இடைவெளி

டீ நன்றாக இருக்கிறது, மேடம். சர்க்கரைதான் கொஞ்சம் கூடிவிட்டது. குடித்ததும் வாயைக் கொப்பளித்துவிடுங்கள். உங்களுக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் பக்கத்துப் பல்லின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்த இடுக்கில் இனிப்பு தங்கினால் லேசில் போகாது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல் கிளினிக்கிலேயே காலம் போய்விட்டது. எனக்கு முகம் நினைவிருக்காது, வாய்தான் நினைவிருக்கும்.

கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். மறைக்க ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு நான் கெடுதல் நினைத்ததில்லை என்பதை மட்டும் வாக்குமூலத்தில் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ரயில் நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்பவள் என்பதால் கிளினிக்கில் அவளுக்கு ஸ்டேஷன்காரி என்று பெயர் வைத்திருந்தோம். நாற்பதை எட்டப்போகிற வயதில் பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொள்ள வந்தாள். மேல்வரிசை முழுக்க எட்டிப் பார்க்கும். முதல் நாளே டாக்டர் கேட்டார், "இத்தனை வருஷம் கழிச்சு ஏம்மா?"

"சிரிக்கும்போது வாயைக் கையால மூடி மூடி கை ஓஞ்சு போச்சு டாக்டர். மைக்குக்குப் பின்னால இருக்கறவளுக்கு அழகு எதுக்குன்னு எங்க வீட்டுக்காரர் கேக்கறார். அவருக்கென்ன, மூடறது என் கைதானே."

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அன்றைக்கேதான்.

கிளிப் என்றால் ஏதோ ஒரே மாதிரி சில்லுகளை வரிசையாக ஒட்டிக் கம்பி கோர்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அந்தச் சில்லுக்குப் பிராக்கெட் என்று பேர். ஒவ்வொரு பல்லுக்கும் தனி. செருப்புக்கு இடது வலது இருக்கிற மாதிரி, இதற்கும் உண்டு. அரிசிமணி அளவுதான் இருக்கும் என்பதால் அடையாளத்துக்கு மூலையில் ஒரு வண்ணப் பொட்டு வைத்திருப்பார்கள். பொட்டைப் பார்த்து, தட்டில் வரிசை மாறாமல் அடுக்கி, டாக்டர் கையில் ஒவ்வொன்றாகக் கொடுப்பது என் வேலை. மாற்றி ஒட்டிவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. கம்பி தன் பாட்டுக்கு இழுக்கும். பல் தப்பான பக்கம் சாயும், மாதக் கணக்கில், சத்தமில்லாமல்.

முதல் தடவை நடந்தது கைத்தவறு. இதை நீங்கள் நம்ப வேண்டும். ஒருநாள் அவள் மேல் முன்பல் இரண்டிலும் பிராக்கெட் பெயர்ந்து வந்து நின்றாள். பேனா மூடியைக் கடித்தாளாம். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். "அந்த ரெண்டையும் எடுங்க, சீக்கிரம்" என்று டாக்டர் கையை மட்டும் நீட்டினார். நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை. இடதை வலதுக்கும் வலதை இடதுக்கும் கொடுத்துவிட்டேன். அவர் ஒட்டினார்.

சில மாதம் கழித்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அவளே சொன்னாள். "அக்கா, ஒரு கூத்து கேளுங்க. 'ச' சொன்னா காத்து வருது. நேத்து 'சற்று நேரத்தில் வந்து சேரும்'னு சொன்னேன், வண்டி கார்டு வந்து எட்டிப் பாக்கறார், யாரு விசில் ஊதினதுன்னு."

"காட்டு பார்ப்போம். தலையைச் சாய்ச்சுக்கோ."

"சரிக்கா."

என் கையில் இருந்த, பல் பார்க்கிற சின்னக் கண்ணாடி தட்டில் விழுந்தது.

அந்த ஒலியை எப்படி எழுதுவீர்கள் என்று தெரியவில்லை. 'ச'வுக்கு முன்னால் ஒரு நூல் காற்று. கதவிடுக்கில் நுழைகிற மாதிரி. அது என் மகளுடைய ஒலி. அவளுக்கும் முன்பல் ஒன்று உள்வாங்கி, நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. எது சொன்னாலும் "சரிம்மா" என்பாள். சாப்பிடு, சரிம்மா. அந்தச் சிநேகிதி வேண்டாம், சரிம்மா. படித்தது போதும், சரிம்மா. இப்படி ஒரு பெண்ணை யாருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது, சொல்லுங்கள். அவள் இல்லாமல் போய்ப் பல வருடம் ஆகிறது. ஒருநாள் காலையில் அறை காலியாக இருந்தது. அதற்குமேல் நான் யாரிடமும் சொன்னதில்லை. கிளினிக்கில் அவர்களாகவே ஏதோ காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தப்போகவில்லை.

வீட்டில் பழக்கம் விடவில்லை. கதவைச் சாத்து, விளக்கை அணை என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். சொல்லிவிட்டு நிற்பேன். குழாய் சொட்டும். ஜன்னல் அசையும். பதில் மட்டும் வராது. பிறகு நானே எழுந்து போய் அணைப்பேன்.

அதனால் அன்று அவளிடம் சொன்னேன், "அக்கா வேண்டாம், அம்மான்னே கூப்பிடு. உன் வயசுல எனக்கு ஒரு பொண்ணு."

"எங்க இருக்காங்க?"

"இல்லை."

அவள் என் மணிக்கட்டைத் தொட்டாள். நல்ல மனசு. "சரிம்மா" என்றாள்.

பல் ஏன் சாய்கிறது என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். டாக்டரிடம் சொல்லியிருந்தால் அடுத்த வருகையிலேயே மாற்றியிருப்பார். சொல்லவில்லை. ஒரு மாதம் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரே ஒரு மாதம்.

டாக்டரும் சும்மா இருக்கவில்லை. "வலது பக்கம் போன்னா இடது பக்கம் போகுது, எங்க மாமியார் மாதிரி" என்று முனகிக்கொண்டே கம்பியை வளைத்துப் பார்த்தார். ஒருநாள் இரண்டையும் கழற்றிவிட்டுப் புதிதாக ஒட்டலாம் என்றார். அதற்கு முன்னாலேயே நான் ஸ்பிரிட் பஞ்சால் பொட்டுகளைத் துடைத்து வைத்திருந்தேன். பொட்டு போய்விட்டால் அவசரத்தில் யாருக்கும் இடது வலது தெரியாது. பழையபடியே கொடுத்தேன். "பெரியவங்க எலும்பு, டாக்டர். இறுகிப்போயிருக்கும். மெதுவாத்தான் அசையும்" என்றேன். அவர் தலையாட்டினார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

பல் நேராகிற மாதிரி தெரிந்தால், சுத்தம் செய்கிற சாக்கில் நானே ஒன்றைப் பெயர்த்துவிடுவேன். வலிக்காமல்தான். அவளுக்கு நான் ஒருநாளும் வலிக்க விட்டதில்லை.

வேலை முடிந்ததும் ரயில் நிலையத்துக்குப் போய் ஒலிபெருக்கிக்குக் கீழே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். எங்கும் போவதற்காக இல்லை. அவள் பேசுவாள். சற்று நேரத்தில், வந்து சேரும், செல்லும் வழியில். அந்தக் கூரை முழுக்க என் மகள் குரல். பெட்டிக்கடைக்காரர் ஒருநாள் கேட்டார், "தினமும் வர்றீங்களே, யாரையாவது எதிர்பாக்கறீங்களா?" வந்தாயிற்று என்றேன்.

அவளுக்கு அது தொல்லையாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். கூட வேலை பார்ப்பவர்கள் "எது அறிவிப்பு, எது விசில்? எதைக் கேட்டு வண்டி கிளம்பணும்?" என்று கேலி செய்திருக்கிறார்கள். பயணிகள் புகார் எழுதிப் போட்டார்கள். குரலைச் சரிசெய்துகொண்டு வந்தால்தான் மைக் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அன்று நாற்காலியில் படுத்துக்கொண்டே அழுதாள். கண்ணீர் காதுக்குள் போனது, நான்தான் துடைத்தேன்.

"கழட்டிடலாமாம்மா? அழகும் வேணாம், ஒண்ணும் வேணாம். அந்த மைக்குல மட்டுந்தான் நான் வாயைப் பொத்தாம பேசினேன். அது போச்சுன்னா என்கிட்ட என்ன இருக்கு? டாக்டர்கிட்ட சொல்லுங்களேன்."

"பாதியில கழட்டினா உள்ளதும் கெட்டுப்போகும். பொறுத்துக்கோ."

காதோரத்தை அவளே ஒருமுறை துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள், "சரிம்மா."

மைக்கை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். பார்சல் அறையில் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டப் போட்டார்கள். நிலையத்தில் இப்போது பதிவு செய்த குரல்தான் வருகிறது, சுத்தமான குரல். நான் அங்கே போவதை விட்டுவிட்டேன். அவள்தான் மாதாமாதம் கிளினிக்குக்கு வருகிறாளே என்று இருந்தேன்.

நம்ம டாக்டர் வெளியூர் போன வாரத்தில் அவருக்குப் பதிலாக ஒரு சின்ன டாக்டரம்மா வந்தாள். ஸ்டேஷன்காரியின் முன்பல்லை விரலால் தொட்டாள். பல் ஆடியது. விளக்கை இழுத்து, பூதக்கண்ணாடி மாட்டி, ரொம்ப நேரம் பார்த்தாள். "இது இடது பல்லோட பிராக்கெட். இங்க யார் ஒட்டினது?" என்றாள். அப்புறம் எக்ஸ்ரே. இரண்டு பல்லின் வேரும் சோப்புக் கட்டி கரைகிற மாதிரி கரைந்து, குட்டைத் துண்டு மட்டும் மிச்சமிருந்தது. அங்கும் இங்கும் இழுபட்டால் வேர் அப்படித்தான் ஆகும். இரண்டையும் எடுத்தாக வேண்டும் என்றாள். பிறகு இழுப்பறையைத் திறந்தாள். பொட்டு துடைத்த பிராக்கெட்டுகள் ஒரு கிண்ணத்தில் கிடந்தன.

ஸ்டேஷன்காரி டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "அம்மா, உங்களுக்குத் தெரியுமா?"

"வாயைத் திற, பார்க்கலாம்" என்றேன். வழக்கமாகச் சொல்வதுதான். அவள் கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டாள், முன்பு எப்படிப் பொத்துவாளோ அப்படி.

அவ்வளவுதான், மேடம். தெரிந்துதான் செய்தேன். முதல் தடவை தவிர ஒவ்வொரு தடவையும் தெரிந்துதான் செய்தேன். டாக்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவளுடைய பல்லும் குரலும் போனது என் கையால்தான்.

என் மகளுக்கு அந்தப் பல் எப்படி உள்வாங்கியது என்று மறுபடி கேட்கிறீர்கள். கீழே விழுந்தாள் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொன்னாள். அவளாகவேதான் சொன்னாள், நான் சொல்லித்தரவில்லை. சரி, எழுதிக்கொள்ளுங்கள். அப்போது சின்னப் பெண். சமையலறையில் எதையோ எடுத்துவரச் சொன்னேன். "மாட்டேன்" என்றாள். என் கையில் டம்ளர் இருந்தது. ஓங்கியது நினைவிருக்கிறது. வீசினேனா, கை நழுவியதா என்று இன்றுவரை தெரியவில்லை. ரத்தத்தைத் துடைத்துவிட்டு, "இனிமேல் எதிர்த்துப் பேசக் கூடாது, என்ன?" என்றேன். வாய் வீங்கியிருந்தது. அப்போதுதான் அந்த ஒலியை முதன்முதலில் கேட்டேன்.

இப்போது எதற்கு அந்த ஃபோனை என் பக்கம் நகர்த்துகிறீர்கள்? விசாரித்து எங்கோ ஒரு ஊரில் யாரையோ பிடித்து, அவள்தான் என் மகள், உயிரோடு நன்றாக இருக்கிறாள், பல்லெல்லாம் கட்டிக்கொண்டுவிட்டாள் என்கிறீர்கள். அவள் பேசிப் பதிந்து அனுப்பியதா? போடுங்கள், கேட்கிறேன்.

'சொல்லிடுங்க அவங்ககிட்ட. நான் வரமாட்டேன். பேசவும் மாட்டேன்.'

நல்ல சுத்தமான 'ச'. யாரோ கைராசிக்காரர் செய்த வேலை. ஆனால் நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள், மேடம், அது வேறு யாரோ. என் மகள் அந்தச் சமையலறைக்குப் பிறகு ஒருநாளும் என்னிடம் மாட்டேன் என்று சொன்னதே இல்லை.