கடைசி ஆள் வெளியே வரும் வரை

எழுந்து நின்றால் இந்த மன்றத்தின் மின்விசிறிக்கே அச்சம் தரும் உயரம் கொண்ட நம் கால்பந்துக் கழகத் தலைவர் அவர்களே! பதினொரு பேரையும் பிள்ளைகளாக எண்ணி, பன்னிரண்டாவது பிள்ளையாக என்னையும் சேர்த்துத் திட்டும் பயிற்சியாளர் அவர்களே! தோற்ற நாளில் தொண்டை கட்டியும், வென்ற நாளில் தொண்டை கட்டியும், எந்த நாளிலும் தொண்டை சரியில்லாத ஆதரவாளர் பெருமக்களே! அழுக்குச் சட்டைகளைத் துவைத்துத் துவைத்தே ஆட்டத்தின் போக்கைச் சொல்லிவிடும் தாய்மார்களே! இதோ, இந்த மேடைக்கே முதுகைக் காட்டி உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைச் செல்வங்களே! உங்கள் எல்லோருக்கும் மைதானத்தில் வெள்ளைக்கோடு போடுகிறவனின் வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையில் இருக்கும் இந்தத் தாளை நானே எழுதினேன். எழுத்துகளில் சில நிற்கின்றன, சில சாய்கின்றன, சில களைத்துப்போய்ப் படுத்தே விட்டன. வரி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்குகிறது. ஒரு சொல் எழுதுவேன். எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன். திரும்பி வந்து, அந்தச் சொல் ஓடிவிடாமல் அங்கேயே இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும்! ஐயா, அந்த மகிழ்ச்சியை நான் என்னவென்று சொல்வேன்! படித்தவர்களே, அது உங்களுக்குப் பழகிப்போனது. எனக்கு இன்னும் பழகவில்லை. பழகவே வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். ஆகவே நடுவில் திக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னம்மா? டீக்கடைக்காரர் மகள் ஏதோ சொல்கிறாள். "பெரியப்பா, தாளைத் தலைகீழா பிடிச்சிருக்கீங்க" என்கிறாளா? போடி! போன வருஷமாக இருந்தால் நம்பியிருப்பேன். இந்த வருஷம் உன் பருப்பு வேகாது.

ஆம், பெரியோர்களே! இந்த வருஷம்தான் நான் எழுத்துக் கற்றேன். ஏன் கற்றேன்? வேலை தேடியா? இந்த வயதில் யார் கொடுப்பார்கள்? பெயர் வாங்கவா? அதற்கு இனி ஊரில் இடமேது? நம் கழகம் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கற்றேன்!

மைதானத்து வாசலில் ஒரு பலகை இருக்கிறது. வாரா வாரம் புள்ளிப் பட்டியலை அதில் ஒட்டுகிறார்கள். முதல் பிரிவில் ஆடும் அணிகள் மேலிருந்து கீழாக வரிசையாக இருக்கும். அடியில் இருக்கும் இரண்டு அணிகள் பருவம் முடிந்ததும் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். எனக்கோ எழுத்துத் தெரியாது. வருகிறவர் போகிறவரை நிறுத்தி, "நாம எங்க இருக்கோம்?" என்று கேட்பேன்.

டீக்கடை மகள் சொன்னாள், "அதெல்லாம் நடுவுல ஜம்முனு இருக்கோம் பெரியப்பா." பேருந்து நடத்துநர் தம்பி சொன்னார், "மேலேருந்து எண்ணினா சீக்கிரம் வந்துடும் பெரியவரே." நம் தலைவரைக் கேட்டேன். அவர் பலகையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், "மழை வரும்போல இருக்கே" என்றார்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் எதற்காகப் பொய் சொன்னீர்கள்? என்னை ஏமாற்றவா? இல்லை. கிழவன் மனம் நொந்துவிடுவானே என்று. அது பொய்யா, பாசமா? கேட்கிறேன், அது பொய்யா, பாசமா? பாசம்தான்! ஆனால் பாசத்தில் ஆளுக்கொரு இடம் சொன்னால் சந்தேகம் வராதா? ஒரே கழகம் ஒரே வாரத்தில் எத்தனை இடத்தில்தான் இருக்கும்?

ஒரே ஒருவர்தான் உண்மையைச் சொன்னார். நம் கோல்கீப்பர். பகலெல்லாம் பட்டறையில் இரும்பைப் பற்றவைத்துவிட்டு, மாலையில் வந்து கம்பத்துக்கு நடுவே நிற்கிறாரே, நீங்கள் எல்லோரும் வெல்டர் என்று கூப்பிடுகிறீர்களே, அவர். பயிற்சி முடிந்து கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"கடைசிக்கு முந்தின இடம், பெரிசு."

"நிஜமாவா?"

"என்னை நம்பலைன்னா நீயே படிச்சுப் பாரு."

"எனக்கு எங்கப்பா படிக்கத் தெரியும்?"

"கோடு போடத் தெரியுதுல்ல? எழுத்தும் கோடுதான். கொஞ்சம் வளையும், அவ்வளவுதான்."

சொன்னவர் அதோடு போகவில்லை. கோலுக்குப் பின்னால் புல் முளைக்காத மண் இருக்கிறதே, அங்கே தம் பூட்ஸ் முனையால் ஒரு 'அ' கிழித்தார். "அதுமேல சுண்ணாம்பை ஓட்டு" என்றார். கோடு போடும் வண்டியை அதன்மேல் ஓட்டினேன். பெரியோர்களே, நான் எழுதிய முதல் எழுத்து ஒரு மாட்டுவண்டி அகலம் இருந்தது! மறுநாள் ஆ. அதற்கு மறுநாள் இ. நம் பயிற்சியாளர் வந்து, "கிரவுண்டுக்குக் கோடு போடச் சொன்னா, கிழவன் கோலுக்குப் பின்னால காவியம் எழுதறான். சுண்ணாம்பு யார் வீட்டுது?" என்று கத்தினார். பயிற்சியாளர் அவர்களே, தலையைக் குனியாதீர்கள். மறுநாள் ஒரு மூட்டைச் சுண்ணாம்பு கூடுதலாக வந்திறங்கியதே, அது யார் சொல்லி வந்தது என்பது எனக்குத் தெரியும்!

அப்படித்தான் கற்றேன். ஒரு நாள் வாசல் பலகை முன்னால் நின்று, கீழிருந்து மேலாக விரல் வைத்துப் படித்தேன். அடியிலிருந்து இரண்டாவது வரியில் நம் பெயர். என் வாழ்க்கையில் நானே படித்த முதல் செய்தி, நாம் இறங்கப்போகிறோம் என்பது! அழ வேண்டியவன்தான். ஆனால் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பாருங்க, நம்ம பேரு! நானே படிச்சேன்!" என்றேன். கெட்ட செய்திதான். ஆனாலும் என் கண்ணாலேயே வந்து சேர்ந்த செய்தி அல்லவா?

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடியாது.

நம் கழகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கோப்பை இல்லாத கழகம் நம்முடையது. கூரை இல்லாத மைதானம் நம்முடையது. ஆனால் இந்த வழக்கம் வேறு எவரிடமும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் நாம் கலைவதில்லை. வென்றாலும் நிற்போம், தோற்றாலும் நிற்போம். கடைசி ஆட்டக்காரர் வெளியே வரும் வரை நின்று, கைதட்டி, பிறகுதான் வீட்டுக்குப் போவோம். மழையில் நின்றிருக்கிறோம். கைக்குழந்தையோடு நின்றிருக்கிறோம். ஐந்து கோல் வாங்கிய அன்றைக்கும் நின்றிருக்கிறோம். அந்தக் கடைசி ஆள் எப்போதும் கோல்கீப்பர்தான். இரண்டு கம்பத்தையும் தொட்டுவிட்டு, வலையில் பிய்ந்த இடம் உண்டா என்று பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் வருவார். "வெல்டரே, வீட்ல அண்ணி தேடப் போறாங்க, சீக்கிரம் வாய்யா!" என்று நீங்கள் கத்துவீர்கள். அவர் இன்னும் மெதுவாக நடப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது?

ஒரு கோல் முன்னிலையில் இருக்கிறோம். வென்றிருந்தால் அன்றைக்கே தப்பித்திருப்போம். கடைசி நிமிடம். எதிரணி அடித்த பந்தை வெல்டர் பாய்ந்து பிடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுகிறார். விசில் ஒலிக்கிறது. ஆட்டம் முடிந்தது என்று பந்தைத் தரையில் வைக்கிறார். மண்ணைத் தொட்டுக் கும்பிடக் குனிகிறார். எதிரணிக்காரர் ஓடி வந்து, காலியான வலைக்குள் பந்தைத் தட்டிவிடுகிறார். நடுவரோ கோல் என்கிறார். அந்த விசிலை அவர் ஊதவே இல்லை! உங்கள் கூச்சலில் அது அவர் காதில் விழவும் இல்லை.

ஆட்டம் சமன். நாம் என்ன செய்தோம்? "தூங்குமூஞ்சி" என்றோம். "காசு வாங்கிட்டியா" என்று கூட ஒரு குரல் கேட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பிறகு கலைந்தோம். எல்லோரும் கலைந்தோம். அவர் கம்பத்தைத் தொட்டுவிட்டு, வலையைப் பார்த்துவிட்டு, மெதுவாக நடந்து வந்தபோது படிக்கட்டுகளில் ஒரு ஈ காக்கை இல்லை. நான் மட்டும் சுண்ணாம்பு வாளியோடு நின்றேன். எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. இரண்டு கையிலும் வாளி.

அவர் திரும்பிப் போனார். கையுறைகளைக் கழற்றி வலைக் கொக்கியில் மாட்டினார். "பெரிசு, தோத்தாலும் நிக்கிற கூட்டம்னுதான்யா நான் இங்க ஆடினேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த நாளிலிருந்து பயிற்சிக்கு வரவில்லை. நாளை மறுநாள் கடைசி ஆட்டம். வென்றால் இருப்போம். இல்லையென்றால் இறங்குவோம். கையுறைகள் இன்னும் வலையில்தான் தொங்குகின்றன. நான் எடுக்கவில்லை. அதை எடுக்க வேண்டிய கை வேறு.

சரி. அந்த விசிலை ஊதியது யார்?

பெரியோர்களே, இந்த இடத்தில் என் தாளில் இரண்டு வரியை வெறுமையாக விட்டிருக்கிறேன். எழுதத் தெரியாமல் விடவில்லை. அந்த இரண்டு வரி என்னுடையது அல்ல. நேற்று ஒருவர் என் வீட்டுக்கு வந்து, "நீங்களே மேடையில சொல்லிடுங்க பெரியவரே" என்றார். "மாட்டேன்பா, உனக்கு இடம் விட்டு வைக்கிறேன், வந்து நிரப்பு" என்றேன். நான் காத்திருக்கிறேன்.

...

வா, தம்பி. வா. வழி விடுங்கள் அவருக்கு. அடே, யாரும் அவர் சட்டையைப் பிடிக்கக் கூடாது! மைக் அங்கே எட்டாது. பின்வரிசைக்காரர்களுக்கு நான் திருப்பிச் சொல்கிறேன். நம் நடத்துநர் தம்பி சொல்கிறார்: "நான்தான் ஊதினேன். கழுத்துல எப்பவும் விசில் கிடக்கு. பந்தைப் பிடிச்சதும் சந்தோஷத்துல என்னை அறியாம வாயில வெச்சு ஊதிட்டேன். கோல் விழுந்ததும் வெல்டர் அண்ணன், கோலுக்குப் பின்னால நின்ன என்னைத் திரும்பிப் பார்த்தாரு. விசில் என் வாயிலயே இருந்துச்சு."

கேட்டீர்களா? பார்த்தார்! தெரிந்துகொண்டார்! நடுவரிடம் ஓடிப்போய், "ஐயா, கோலுக்குப் பின்னால யாரோ விசில் ஊதினாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கோல் செல்லாமல் போயிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? சொல்லத் தெரியாதவரா? எனக்கே எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் ஆயிற்றே! சொல்லு தம்பி, நீ அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனபோது என்ன சொன்னார்?

"'உன்னைச் சுத்தி நின்ன கூட்டத்தைப் பார்த்தேன்டா. நான் உன் பக்கம் கையை நீட்டியிருந்தா உன்னைக் கிழிச்சிருப்பாங்க. நீ நாளைக்கு அதே ஆளுங்களுக்குத்தான் டிக்கெட் கிழிக்கணும். விடு'ன்னாரு."

கேளுங்கள் பெரியோர்களே! தூங்கினார் என்றோமே, அவரா தூங்கினார்? விழித்திருந்தவர் அவர் ஒருவர்தான்! அன்றைக்கு அவர் பந்தை விட்டார், ஆளைப் பிடித்தார். புள்ளியை விட்டார், நம் வீட்டுப் பிள்ளை ஒருவனைப் பிடித்தார். இதைவிடப் பெரிய பாய்ச்சலை எந்த மைதானத்தில் பார்த்தீர்கள்? அவருக்கு நாம் கொடுத்தது என்ன? வெறும் படிக்கட்டு.

தம்பி, அழாதே. விசிலைக் கழற்றி டீக்கடை மகளிடம் கொடு. ஆட்டம் முடிந்து வாங்கிக்கொள். அம்மா, அதைச் சர்க்கரை டப்பாவில் போட்டு மூடி, மேலே நீயே உட்கார்ந்துகொள்!

நான் கேட்பது ஒன்றுதான். கோல் அடிக்கச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. வெற்றியைக் கேட்கவில்லை. முதல் பிரிவில் இருந்தாலும் நாம் நாமே, இரண்டாம் பிரிவுக்கு இறங்கினாலும் நாம் நாமே. ஆனால் ஆட்டம் முடிந்ததும் கலைந்துபோகிறவர்களாக நாம் ஆகிவிட்டால், அதற்குக் கீழே இறங்க ஒரு பிரிவு உண்டா? நிற்பீர்களா? கடைசி ஆள் வெளியே வரும் வரை நிற்பீர்களா? பின்வரிசை, எனக்குக் கேட்கவில்லை. நிற்பீர்களா?

அப்படிச் சொல்லுங்கள்!

இப்போது கதவோரம் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறவருக்கு ஒரு வார்த்தை. உங்கள் அண்ணி அவர் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறார் என்பது இங்கிருந்தே தெரிகிறது. வெல்டர் தம்பி, நீ சொல்லிக்கொடுத்த எழுத்தில்தான் இதை எழுதினேன். நாளை காலை கோல்கோடு போடப் போகிறேன். அந்தக் கோட்டில் யார் நிற்பார் என்று தெரியாமல் போட எனக்குக் கை வராது. யார் நிற்பார்?

...

ஏதோ சொல்கிறார். அமைதி, அமைதி! என்னப்பா?

"கோட்டையாவது நேரா போடு பெரிசு, உன் எழுத்து மாதிரி போட்டுடாதே!"

கேட்டீர்களா! வந்துவிட்டார், ஐயா, வந்துவிட்டார்! கையைத் தட்டுங்கள், அவர் மேடைக்கு வந்து சேரும் வரை தட்டுங்கள்! மெதுவாகத்தான் நடப்பார், அது அவர் வழக்கம். தட்டிக்கொண்டே இருங்கள்!

என் தாள் முடிந்துவிட்டது. பொறுமையாகக் கேட்ட அவைக்கும், திக்கிய இடத்தில் சொல் எடுத்துக்கொடுத்த தாய்மார்களுக்கும், கூடுதல் மூட்டையைச் சொல்லாமல் இறக்கிவைத்த பயிற்சியாளருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. தலைவர் அவர்களிடம் ஒரு வரம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அடுத்த வாரம் வாசல் பலகையில் நம் இடத்தை அச்சுத்தாள் சொல்லாது, நான் எழுதுவேன். மேலேயோ, கீழேயோ, எந்தப் பிரிவோ, என் கையாலேயே சுண்ணாம்பால் எழுதுவேன். கோணலாகத்தான் இருக்கும். ஆனால் உண்மையாக இருக்கும். வந்து படியுங்கள். வணக்கம்.